கறையைப் பார்த்து வாங்குங்கள்: கையைக் கடிக்காத பசுமைத் துப்புரவு

சூழலைக் கெடுக்காத துப்புரவுப் பொருள்களுக்கு மாறலாம் என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, இலைப் படம் போட்ட ஐந்தாறு பாட்டில்களை ஆன்லைனில் வாங்குவது. தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சிங்க்குக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. கொஞ்ச நாளில் "அழுக்கும் போகவில்லை, கட்டுப்படியும் ஆகவில்லை" என்று பழைய பொருள்களுக்கே திரும்பிவிடுவார்கள். இரண்டு புகாருமே நியாயமானவைதான். எந்தக் கறைக்கு எது வேலை செய்யும் என்று தெரியாமல் வாங்கினால் அப்படித்தான் ஆகும். அது தெரிந்துவிட்டால், மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிற நாலைந்து சாமான்களே ஒரு வீட்டின் பெரும்பகுதி வேலையைப் பார்த்துவிடும். மீதி வேலைக்கு மட்டும் பாட்டில் வாங்கினால் போதும்.

முதல் படி: எதையும் வாங்காதீர்கள்

வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் ஓர் இடத்தில் எடுத்து வையுங்கள். ஒரே வேலையைச் செய்யும் மூன்று பொருள்கள் பாதிப் பாதியாக நிற்பது நிச்சயம் கண்ணில் படும். அவற்றைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில் பசுமை எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டு, தீர்ந்த இடத்துக்கு மாற்று வாங்குங்கள். இன்னொரு விஷயம், ஆசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒரே குழாயில் அடுத்தடுத்து ஊற்றிக் காலி செய்வது ஆபத்து. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: தண்ணீரைப் பாருங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பாதிப் பிரச்சினை தண்ணீரில்தான் இருக்கிறது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மலரவில்லையா? வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா? அது கடின நீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். பல ஊர்களில் போர் தண்ணீர் அதையும் தாண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவி ஒரு பாட்டிலில் போட்டு, தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்நீர். நுரை வராமல் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, திரிதிரியாக மிதந்தால் கடின நீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் படிவு அது. பக்கெட்டின் உள்பக்கத்தில் விரலால் வழித்தால் வருகிற பிசுக்கும் அதேதான்.

இதில் வாங்குபவருக்கு என்ன இருக்கிறது? "தேங்காய் எண்ணெயில் செய்த சுத்தமான சோப்பு" என்று விற்கும் சலவைக் கட்டிகளும் திரவ சோப்புகளும் கடின நீரில் நிறைய வீணாகும். உங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி என்றால், சோப்பு இல்லாத, தாவர மூலத்தில் இருந்து எடுத்த நுரைப்பொருள் சேர்ந்த டிடர்ஜெண்ட்டைத் தேடுங்கள். அல்லது பூந்திக்கொட்டைக்குப் போங்கள். அதிலுள்ள சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் கடின நீரில் திரிவதில்லை.

மூன்றாம் படி: கறை என்ன இனம்?

வீட்டில் வரும் அழுக்கு பெரும்பாலும் நாலு இனத்தில் அடங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு, உப்புக் கறை, வெறும் தூசி மண், அப்புறம் கிருமி. கிருமியைக் கடைசியில் பார்ப்போம்.

எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும். சலவை சோடா இதற்குத்தான் இருக்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், அடுப்பு மேடை டைல்ஸ், ஜன்னல் கம்பி இவற்றில் ஒட்டிய பழைய பிசுக்கை ஆப்ப சோடா லேசாகத்தான் தொடும். சலவை சோடாவோ வெந்நீரில் 2 ஸ்பூன் கரைத்தாலே இளக்கிவிடும். இரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். சலவை சோடா கையை அரிக்கும், கையுறை போடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் கறுக்கவைக்கும். பட்டு, கம்பளி பக்கமே கொண்டுபோகக் கூடாது.

உப்புக் கறை, களிம்பு, லேசான துரு இவற்றுக்குப் புளிப்பு வேண்டும். பித்தளை விளக்குக்குப் பாட்டிமார் புளி போட்டதன் காரணம் அதுதான். இன்றைக்குக் கையிருப்பில் வைக்க வேண்டியது சிட்ரிக் ஆசிட் தூள். மளிகைக் கடையிலும் பேக்கரி சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும். 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால், வினிகர் கேட்கிற இடத்தில் எல்லாம் அதையே பயன்படுத்தலாம். வினிகர் வாடையும் இல்லை, பாட்டிலும் மிச்சம்.

ஆப்ப சோடாவின் மேல் வினிகரை ஊற்றிப் பொங்கவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். காரமும் புளிப்பும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டு வேலை நடக்கும், கலந்தால் ஒன்றும் நடக்காது.

தூசிக்கு எதுவுமே வேண்டாம். ஈரத் துணி போதும். பழைய காட்டன் வேட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்த துண்டு ஆகியவற்றை விட நல்ல துடைதுணியை எந்தக் கடையும் விற்பதில்லை.

பாத்திரம்

பாத்திரம் தேய்ப்பதில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம், தேய்ப்பதற்கு முந்தைய நிமிடம். எண்ணெய்ச் சட்டியை அப்படியே சிங்க்கில் போடாமல் பழைய துணியாலோ செய்தித்தாளாலோ துடைத்து எடுத்துவிட்டால் லிக்விட் பாதியாகக் குறையும், குழாயும் அடைக்காது. சீயக்காய்த் தூளும் கடலைமாவும் எண்ணெயை உறிஞ்சும். அப்பளம் பொரித்த வாணலிக்கு அரை ஸ்பூன் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், லிக்விட்டின் ஞாபகமே வராது. சாம்பல் கிடைக்கும் வீடுகளில் அதுவும் நல்லதுதான், ஆனால் விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கும் அட்டையும் சேர்த்து எரித்த சாம்பல் பாத்திரத்துக்கு ஆகாது.

அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள், கருகல் பெயர்ந்து வரும். அலுமினியம் என்றால் சோடாவுக்குப் பதில் எலுமிச்சைத் தோலோ, ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையோ போடுங்கள். பித்தளைக்கும் அந்தச் சக்கையே போதும். தேய்த்ததும் நன்றாக அலசி உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாளே மங்கும்.

பச்சை நிற பிளாஸ்டிக் நார் தேயத் தேய அதன் துகள்கள் தண்ணீரோடுதான் போகின்றன. தேங்காய் நார், காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு இரண்டும் நல்ல மாற்று. பீர்க்கங்கூட்டை வெயிலில் காயவைக்காவிட்டால் சீக்கிரம் நாறும். நான்ஸ்டிக்குக்குத் தேங்காய் நார் வேண்டாம், கீறிவிடும்.

லிக்விட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் பொருள் வாங்குபவர் ஒருவர், பாத்திரம் தேய்க்கும் அக்கா இன்னொருவர். நுரை வராவிட்டால் சுத்தமாகாது என்று அவர் நினைத்தால், நீங்கள் வாங்கிய விலை உயர்ந்த பாட்டில் ஒரு வாரத்தில் தீரும். லிக்விட்டை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கலந்து வையுங்கள், எதற்காக இந்த மாற்றம் என்று அவரிடம் சொல்லுங்கள். கையில் தோல் உரிவதைத் தாங்கிக்கொண்டு வேலை செய்பவர் அவர்தான், எந்த பிராண்ட் அரிக்கிறது என்பதை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தரை

தரைக்கு வாங்குவதற்கு முன் அது என்ன கல் என்று தெரிந்துகொள்ளுங்கள். மொசைக், மார்பிள், கடப்பா கல் இந்த மூன்றின் மேலும் சிட்ரிக் ஆசிட், வினிகர், எலுமிச்சை, பயோ என்சைம் (பழத்தோலைப் புளிக்கவைத்து எடுக்கும் திரவம்) எதையும் ஊற்றக் கூடாது. மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புக் கல் வகை. மொசைக்கில் மார்பிள் சில்லும் சிமெண்டும் இருக்கின்றன. புளிப்பு பட்டால் மேல்பூச்சு அரித்து, பளபளப்பு போய்விடும், திரும்ப பாலிஷ் போட வேண்டியதுதான். "இயற்கையானது, எதற்கும் பயன்படுத்தலாம்" என்று எழுதியிருக்கும் பாட்டில்களில் புளிப்பானவையும் உண்டு. விட்ரிஃபைட் டைல்ஸுக்கு இந்தப் பயம் இல்லை, இடையில் உள்ள சிமெண்ட் பூச்சை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் துடைக்க வெறும் தண்ணீர் போதும். சமையலறைத் தரைக்கு வாரத்தில் ஓரிரு நாள், ஒரு பக்கெட் தண்ணீருக்குச் சில துளி பாத்திர லிக்விட். பினாயில் வாசனை வந்தால்தான் வீடு சுத்தமானதாகத் தோன்றுவது பழக்கம். கருப்பு பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. பூனை வளர்ப்பவர்கள் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும், பீனால் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது.

கழிப்பறையும் குளியலறையும்

இங்கேதான் பலர் "இயற்கையெல்லாம் சரிப்படாது" என்று கைவிடுவார்கள். உண்மையில் இங்கே தேவைப்படுவது நேரம். கடையில் விற்கும் கழிப்பறை கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அது 15 நிமிடத்தில் செய்வதைச் சிட்ரிக் ஆசிட் ஓர் இரவில் செய்யும். படுக்கப் போகும் முன் கோப்பையின் ஓரத்தைச் சுற்றி 3 ஸ்பூன் தூளைத் தூவி, காலையில் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் விடுங்கள். பல வருடக் கறை என்றால் நாலைந்து இரவு தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் வாரம் ஒரு முறை போதும்.

குழாய், ஷவர் தலை, கண்ணாடித் தடுப்பு இவற்றில் உள்ள வெள்ளைப் புள்ளிகளுக்கு, அந்த சிட்ரிக் கரைசலில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைத்து, அலசித் துடைத்துவிடுங்கள். மணிக்கணக்கில் விட்டால் குரோம் மங்கும்.

வண்டியில் கூவி விற்கும் லேபிள் இல்லாத ஆசிட்டும் பினாயிலும் விலை குறைவுதான். உள்ளே என்ன, எவ்வளவு அடர்த்தி என்று யாருக்கும் தெரியாது. குடிநீர் பாட்டிலில் ஆசிட்டை ஊற்றித் தருவது இன்னும் மோசம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது கைக்கெட்டும் விஷம். 2013-இல் உச்ச நீதிமன்றம் கடையில் ஆசிட் விற்க அடையாள அட்டையும் பதிவேடும் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. அப்படிப்பட்ட பொருளைத் தரை கழுவ வைத்துக்கொள்ளத் தேவையில்லை. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றுமே அளவுக்கு மேல் உள்ளே போனால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். லாரிக்குக் கொடுக்கும் பணத்தையும் துப்புரவுச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

துணி

2019 நவம்பர் கடைசியில் சென்னையில் பட்டினப்பாக்கம் முதல் மெரினா வரை கடற்கரையில் நுரை மலைமலையாக ஒதுங்கியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரும் அதிலிருந்த டிடர்ஜெண்ட்டும்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. சலவைத் தூளில் பெரும்பாலும் சேர்க்கும் நுரைப்பொருள் காற்றோட்டமான நீரில் சிதைந்துவிடும், ஆக்சிஜன் இல்லாத சாக்கடையில் அப்படிச் சிதையாது. ஆகவே "மக்கும் தன்மை கொண்டது" என்ற வாசகத்தை நம்பித் தாராளமாகக் கொட்டினால் பலன் இல்லை. அளவைக் குறைப்பதுதான் நிச்சயமான வழி.

பெட்டியில் போட்டிருக்கும் அளவு நல்ல அழுக்குத் துணிக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உடுத்திய துணிக்கு அதில் பாதியில் தொடங்கிப் பாருங்கள். அலசிய தண்ணீரில் நுரை இருந்துகொண்டே இருந்தால் இன்னும் குறைக்கலாம். கடின நீர் என்றால் டிடர்ஜெண்ட்டைக் கூட்டாமல், காட்டன் துணிக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா சேருங்கள். அது கால்சியத்தைப் பிரித்துப் படியவைத்துவிடும். பாஸ்பேட் இல்லை என்று எழுதியிருந்தால் நல்லது. பாஸ்பேட் ஏரி குளங்களில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். என்சைம் உள்ள தூள் சாதாரணத் தண்ணீரிலேயே கறையை எடுக்கும், வெந்நீர்ச் செலவு மிச்சம்.

பட்டுக்கும் மெல்லிய காட்டனுக்கும் பூந்திக்கொட்டைதான் என் தேர்வு. கொட்டை நீக்கிய பத்துப் பன்னிரண்டு தோலை இரவு ஊறவைத்து, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை இருக்கும், வெளியே வைத்தால் புளித்துவிடும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும். வெள்ளைத் துணியில் போகப் போகப் பழுப்பேறும். எண்ணெய்க் கறைக்கு இதை நம்பவேண்டாம். இயற்கை என்றால் தீங்கே இல்லை என்றும் எண்ண வேண்டாம், ஓடையில் மீனை மயக்கிப் பிடிக்க மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய காய்களில் இதுவும் ஒன்று. கொதித்த சாற்றைக் குளத்தில் கொட்டாதீர்கள்.

லேபிளில் எதைப் பார்ப்பது

"கெமிக்கல் இல்லாதது" என்று எழுதிய பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். தண்ணீரே ஒரு கெமிக்கல்தான். இலைப் படம், பச்சை மூடி, "தூய்மையான", "இயற்கை" போன்ற சொற்கள் எதையும் நிரூபிப்பதில்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. சூழலுக்கு நல்லது என்று சொன்னால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆதாரம் எங்கே என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

சூழலுக்கு உகந்த பொருளுக்கு அரசு தரும் ஈக்கோமார்க் முத்திரை, ஒரு மண்பானைச் சின்னத்தோடு 1991-இல் தொடங்கியது. சோப்பும் டிடர்ஜெண்ட்டும் அதன் பட்டியலில் உண்டு. கடையில் அதைப் பார்ப்பது அபூர்வம் என்பதால் அதை மட்டும் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். நடைமுறையில், உள்ளே என்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் போட்டிருக்கும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். பல பாட்டில்களில் அது இருக்காது. வாசனை குறைவானதை எடுங்கள். மணம் எதையும் சுத்தம் செய்வதில்லை, ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொந்தரவுதான் மிச்சம்.

விலையை எப்படிப் பார்ப்பது

பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதுவும் முழுக் கணக்கு இல்லை, ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகிறது என்பதே கணக்கு. உதாரணத்துக்கு, 400 ரூபாய் விலையுள்ள ஒரு லிட்டர் சலவைத் திரவம் தடவைக்கு 20 மில்லி போதும் என்றால் 50 சலவை வரும், தடவைக்கு 8 ரூபாய். கிலோ 120 ரூபாய் தூளில் தடவைக்கு 60 கிராம் கொட்டினால் 7 ரூபாய் 20 காசு. கேட்கும்போது மலையும் மடுவுமாக இருந்த விலை, கணக்குப் போட்டால் 80 காசு வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. தூளைப் பாதியாகக் குறைத்தால் அது இன்னும் மலிவு. பொதுவாகத் தூளும் கட்டியும்தான் லாபம். திரவத்தில் பெரும்பகுதிக்கு நீங்கள் தண்ணீருக்கும் பிளாஸ்டிக்குக்கும் லாரி வாடகைக்கும் காசு கொடுக்கிறீர்கள். உங்கள் ஊரில் பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளும் கடை இருந்தால் கணக்கு மாறும்.

பயோ என்சைம் பற்றி ஒரு வார்த்தை

ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் கேனில் மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும், கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும். வடிகட்டி வருவது லேசான புளிப்புத் திரவம். தோல் வீணாகாமல் கிடைக்கிற பொருள் என்பதால் எனக்குப் பிடிக்கும். டைல்ஸ் தரைக்கும் கழிப்பறைக்கும் ஆகும். சர்வரோக நிவாரணி மாதிரி அதைப் பேசுவதை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணெயை எடுக்காது, கிருமிநாசினியாகவும் நம்ப முடியாது.

கிருமி, அப்புறம் சேர்க்கக் கூடாதவை

தினசரி வீட்டுக்குச் சோப்பும் வெயிலும் போதும். வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி, மஞ்சள் காமாலை என்றால் அந்தக் கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுவதில் தவறே இல்லை. வினிகரையும் வேப்பிலையையும் நம்பி உட்கார வேண்டிய நேரம் அதுவல்ல. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, பிறகு பிளீச்சிங் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் சக்தி அழுக்கிலேயே போய்விடும். காற்றுப் போக ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிளீச்சிங்கோடு எந்த ஆசிட்டும், சிட்ரிக், வினிகர் உட்பட, சேரக் கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைக்கும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடும் சேர்க்கக் கூடாது. முந்தின இரவு சிட்ரிக் போட்ட கோப்பையை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே பிளீச்சிங் பக்கம் போக வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது

முதல் மாதம் வாங்க வேண்டியவை: சிட்ரிக் ஆசிட் கால் கிலோ, சலவை சோடா அரை கிலோ, சீயக்காய்த் தூள் ஒரு பொட்டலம், தேங்காய் நார். கழிப்பறையில் இருந்து தொடங்குங்கள், மாற்றம் கண்ணுக்குத் தெரிவதும் ஆசிட் பாட்டில் வெளியே போவதும் அங்கேதான். பாத்திரம் அடுத்தது. சலவைத் தூளை மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு இருக்கிற தூளின் அளவைப் பாதியாக்கினால் சரி. ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைத் தூள் என்பதால், டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, சமையல் சாமான் அலமாரியில் வைக்காமல் தனியாக, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.